சுவரில் அவள் எழுத்து

சைதா நகரில் அப்பா வீட்டுத் தெருமுனைக்கு வந்த ஹியாம் அப்படியே நின்றுவிட்டாள். ரொட்டிக்கடைச் சுவரில் ஒட்டியிருந்த தாளில் அவள் வடிவமைத்த அரபு எழுத்துரு! போன மாதம்தான் அதை இணையத்தில் வெளியிட்டிருந்தாள்.

"அண்ணே, இந்த எழுத்து நான் வரைஞ்சது!"

தெருவுக்குப் புதிதான கடைக்காரர் திருதிருவென்று விழித்தார். "எழுத்தைப் போய் யாரும்மா வரைவாங்க?"

"எங்கப்பாவும் இதையேதான் கேட்டாரு. காலேஜுக்கு அனுப்பினது கிறுக்கறதுக்கான்னு. நாலு வருஷமாப் பேச்சே இல்ல. இன்னிக்கு அந்த மனுஷனைக் கையோட இழுத்துட்டு வந்து இங்க நிறுத்தறேன் பாருங்க."

வளைவு, வால், புள்ளி என்று விரலால் தடவிப் பார்த்தாள். அச்சில்கூட எதுவும் பிசகவில்லை.

"எழுத்தையே பாக்கறியே, என்ன போட்டிருக்குன்னு படிச்சியாம்மா?"

அப்போதுதான் படித்தாள். மரண அறிவிப்பு. இறந்தவர் ஹாஜி நஸீப், அவள் அப்பா. அடக்கம் நேற்றே முடிந்திருந்தது. பிள்ளைகள் என்று அண்ணன் பெயரும் தங்கை பெயரும் இருந்தன. அவள் பெயர் இல்லை.

கடைக்காரர் குரலைத் தாழ்த்தினார். "உனக்குச் சொந்தமாம்மா?"

ஹியாம் பிள்ளைகள் பெயர் இருந்த வரியை மறுபடியும் பார்த்தாள்.

"இல்லண்ணே. எழுத்து மட்டும்தான் என்னுது."