ராசியான பாட்டில்

சமையல் மேடையில் மண்ணில்லாமல் தண்ணீரில் செடி வளர்க்கும் பெட்டிகள் இரண்டு. ஒன்று என்னுடையது, மற்றது என் ஓரகத்தியுடையது. சண்டை வரக்கூடாதென்று உரப் பாட்டில்களிலும் பெயர் எழுதி ஒட்டியிருந்தோம்.

ஒரே நாளில்தான் புதினா நட்டோம். அவளுடையது மட்டும் காடாக வளர்ந்தது.

"சின்னவளுக்குக் கை ராசி!" என்று வருவோர் போவோரிடமெல்லாம் சொன்னார் மாமியார். எனக்கு வயிறு எரிந்தது.

இந்த வாரம் என் செடி கருகத் தொடங்கியது. அவளுடையது இன்னும் தழைத்தது. எப்படியென்று எனக்குப் புரியவேயில்லை.

இன்று என் செடியைக் குப்பையில் போட்டபோது அவள் கண்கலங்கினாள்.

"கோவிச்சுக்காதீங்கக்கா. நீங்க மனசு ஒடஞ்சு நின்னதப் பாக்க முடியல. என் பாட்டில்தான் ராசின்னு நெனச்சு, போன ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ரெண்டு பாட்டில்லயும் இருந்த பேரை மாத்தி ஒட்டிட்டேன். இத்தன நாளா நீங்க ஊத்தினது என்னோட உரம்."

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில், அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து, அவள் பாட்டிலில் நான்கு கரண்டி உப்பைக் கொட்டிக் குலுக்கி வைத்தவள் நான்தான்.

கேட்டுக்கொண்டிருந்த மாமியார் சிரித்தார்.

"போங்கடி! பாட்டில்ல என்ன இருக்கு? எல்லாம் அவங்கவங்க கை!"