வெள்ளைச் சர்க்கரை

"சீனி பத்தல."

ஒரு வாய் குடித்துவிட்டு, டம்ளரைக் கீழே வைத்துச் சொன்னாள்.

காபி போட்டுக் கொடுத்த அவள் வீட்டுக்காரர் அப்படியே நின்றார்.

உள்ளே மகள் தலை வாரிக்கொண்டிருந்தாள். அவள் காதில் விழுந்திருந்தாலும் ஒன்றும் தோன்றியிருக்காது. காபி இனிக்காவிட்டால் எவரும் சொல்கிற சொல்தானே.

எவரும் சொல்லலாம். இவள் சொல்ல மாட்டாள்.

நாற்பத்திரண்டு வருஷமாகச் சொன்னதில்லை.

அவர் பெயர் சீனிச்சாமி.

கல்யாணமாகி ராஜபாளையத்துக்கு வந்த புதிதில் மளிகைக் கடைக்குப் போய், "சர்க்கரை ஒரு கிலோ" என்று கேட்டிருக்கிறாள். அந்தப் பக்கம் சர்க்கரை என்றால் நாட்டுச்சர்க்கரை; வெள்ளையாக இருப்பது சீனி. கடைக்காரர் அதையே கட்டிக் கொடுத்தார். இது இல்லை, மற்றது என்று சொல்லியிருக்கலாம். மற்றதன் பெயர் என்ன என்று கேட்டுவிட்டால்? பேசாமல் வாங்கி வந்துவிட்டாள். மாசம் முழுக்கக் காபி செம்மண் நிறத்தில் இருந்தது.

ஏன் என்று கேட்டார். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள். அப்போதுதான் அவருக்கு விளங்கியது. புருஷன் பெயரைச் சொல்லக் கூடாது. பாதிப் பெயரையும் சொல்லக் கூடாது.

மறுமாசம் அவளே ஒரு பெயர் வைத்துவிட்டாள். வெள்ளச் சர்க்கர.

கடைக்காரர் லேசுப்பட்ட ஆளா? "என்னம்மா, வீட்டுக்காரர் ஒரு கிலோ போதுமா, ரெண்டு கிலோவாக் கட்டவா?" என்று கடை நிறைய ஆள் நிற்கும்போதுதான் கேட்பார்.

சீனிக்கிழங்கு அவளுக்கு வெறும் கிழங்கு. சீனியவரைக்காய், "அந்த அவரைக்கா." எந்த அவரைக்காய் என்று இவர் வேண்டுமென்றே கேட்பார். "ம்... உங்க அவரைக்கா" என்பாள்.

ஒரு தடவை பக்கத்து ஊர் அம்மன் கோயில் பங்குனிப் பொங்கல் கூட்டத்தில் இவரைத் தவறவிட்டுவிட்டாள். மைக் கட்டியிருந்த பந்தலுக்குப் போய் அழுதிருக்கிறாள். பெயரைச் சொன்னால்தானே கூப்பிட முடியும்? மைக்செட்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் திருவிழா முழுக்கக் கேட்டது: "ராஜபாளையத்திலிருந்து வந்திருக்கும் வெள்ளைச் சர்க்கரை அவர்களே, உங்கள் மனைவி இங்கே காத்திருக்கிறார்."

ராட்டினத்துப் பக்கம் நின்றிருந்த இவர் விழுந்தடித்து ஓடினார். சுற்றி நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். அன்றைக்கு மாதிரி அவருக்குப் பெருமையாக இருந்த நாள் வேறில்லை.

எவ்வளவு சீண்டியிருப்பார்! ஒரு தடவைகூட அவள் வாய் தவறியதில்லை.

போன ஆடியில் மதுரைக்கு டாக்டரிடம் கூட்டிப் போனார்கள். டாக்டர் தங்கமான மனுஷர். பொறுமையாகக் கேட்டார். இன்றைக்கு என்ன கிழமை? முழித்தாள். இது எந்த ஊர்? பிறந்த ஊரைச் சொன்னாள்.

"சரிம்மா. உங்க வீட்டுக்காரர் பேர் என்ன?"

அவள் ஓரக்கண்ணால் இவரைப் பார்த்தாள். முந்தானை வாய்க்குப் போனது.

டாக்டர் காத்திருந்து பார்த்துவிட்டுத் தாளில் பெருக்கல் குறி போட்டார். மகள் அழுதாள்.

சீனிச்சாமிக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. பஸ் ஸ்டாண்டில் மூன்று பேருக்கும் ஐஸ்கிரீம் வாங்கினார். அப்பாவுக்கும் கழன்றுவிட்டதோ என்று மகள் பார்த்தாள்.

மறுநாளிலிருந்து காலைக் காபி அவர் பொறுப்பு. அவள் டம்ளரில் மட்டும் அரைக் கரண்டி குறைத்துப் போடுவார். வேண்டுமென்றேதான். ஒரு வாய் குடிப்பாள். முகத்தைச் சுளிப்பாள்.

"வெள்ளச் சர்க்கர பத்தல."

அன்றைய நாளுக்கு அது போதும் அவருக்கு.

சாப்பிட்டதை மறந்தாள். மகள் பெயரை மறந்தாள். மறக்கட்டும். அந்த ஒரு சொல் அவள் வாயில் வராதவரை அவர் அவளுடைய வீட்டுக்காரர்.

இன்று வந்துவிட்டது.

டப்பாவை எடுத்துவந்தார். அரைக் கரண்டி போட்டுக் கலக்கினார்.

"போதும்ண்ணே" என்றாள்.

அண்ணே.

ஓவென்று அழவேண்டும் போலிருந்தது.

அவள் மரியாதையாக அவரைப் பார்த்தாள். வீடு தேடி வந்தவரிடம் விசாரிக்கிற பார்வை.

"உங்க பேரு என்னண்ணே?"

சீனிச்சாமி என்று சொல்ல வாயெடுத்தார். சொன்னால்? 'அப்படியா, நல்ல பேரு' என்பாள். அத்தோடு முடிந்துபோகும்.

"வெள்ளச் சர்க்கர" என்றார்.

டம்ளரை எடுக்கப்போன கை நின்றது.

அவள் மெதுவாக முந்தானையை எடுத்தாள். வாயைப் பொத்தினாள். தோள் குலுங்கியது.

பிறகு உள்ளே ஒரு தரம், வாசலில் ஒரு தரம் எட்டிப் பார்த்தாள். குரலைத் தணித்தாள்.

"எங்க வீட்டுக்காரரு பேரும் அதாண்ணே. நான் சொன்னேன்னு அவர்ட்ட சொல்லிறாதீங்க."

"சொல்ல மாட்டேன் தாயி" என்றார் சீனிச்சாமி.