அரை நூல் பெரிசு

“ஷோகேஸ் சாவியக் காணோம்” என்றார் வெங்கடபதி.

“நேத்து உங்க பையிலதான இருந்துது நைனா?”

“இருந்துது. இப்ப இல்ல.”

மகள் தேஜஸ்ரீக்கு எரிச்சலாக வந்தது. வாசலில் ஆட்டோ வந்து நின்றுவிட்டது. தொல்லுயிர் ஆராய்ச்சி செய்யும் இஃப்ராவைக் கெஞ்சி வரவழைத்திருந்தாள். அம்மாவின் அறுபதாவது பிறந்தநாளுக்கு அவள் தர நினைத்த பரிசு ஒரு பெயர்தான். ஷோகேஸில் இருக்கும் அந்தக் கல்லின் பெயர்.

அம்மா ராமாமணி நிலவியல் படித்தவள். கடைசி வருஷம் ஸ்பிதி பள்ளத்தாக்குக்குக் கூட்டிப்போனார்கள். விறைத்துப்போன விரல்களால் சுத்தியலைப் பிடித்து அவள் பிளந்த கல்லுக்குள் ஒரு டிரைலோபைட் படுத்திருந்தது. ஐம்பது கோடி வருஷத்துக்கு முன்னால் கடலில் ஊர்ந்து, கல்லாகிப்போன பூச்சி. நீல ஸ்வெட்டரைக் கழற்றிக் கல்லுக்குச் சுற்றிவிட்டு, டெல்லி வரைக்கும் தான் நடுங்கிக்கொண்டே வந்ததைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

கல்யாணத்தோடு படிப்பு நின்றது. கல் மட்டும் கூட வந்தது.

அதை வெங்கடபதி யாரையும் தொட விடமாட்டார். வெள்ளிக்கிழமையானால் தன் இரும்பு வார்ப்புப் பட்டறைக்குக் கிளம்புமுன் அவரே எடுத்து, துடைத்து, வைத்துப் பூட்டுவார்.

“அந்தக் கல்லுக்குப் பேரு வெச்சு என்ன ஆகப்போகுது? வந்த புள்ளைக்குக் காப்பியக் குடுத்து அனுப்பு” என்றார்.

“உங்களுக்குப் பொறாமை நைனா. அம்மா பேரு நாலு பேருக்குத் தெரிஞ்சிரும்னு பொறாமை.”

சமையலறை வாசலில் காப்பியோடு நின்றிருந்த ராமாமணி, டம்ளரை மேசைமேல் வைத்துவிட்டுத் திரும்ப உள்ளே போனாள்.

இஃப்ரா வந்து உட்கார்ந்து காப்பியைக் குடித்து முடிக்கும்போதுதான் ராமாமணி வெளியே வந்தாள். கையில் நீலக் கம்பளித் துணி மூட்டை. அதில் அரிசி மாவு அப்பியிருந்தது.

“கல்லைப் பொளந்தா ரெண்டு பாதி வருமுங்க. ஒண்ணுல பூச்சி, இன்னொண்ணுல அது பதிஞ்ச பள்ளம். இது பள்ளம். இத வெச்சுப் பேரு சொல்ல முடியுமுங்களா?”

இப்படி ஒரு பாதி இருப்பதே தேஜஸ்ரீக்குத் தெரியாது. அப்பாவைப் பார்த்தாள். அவருக்கும் தெரியாது போலிருந்தது.

இஃப்ரா லென்ஸை வைத்து, வெளிச்சத்தில் கல்லைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள்.

“பிறை மாதிரிக் கண்ணு. கன்னத்துல நீளமா முள்ளு. ரெட்லிச்சியா வகைங்கம்மா. பெரும்பாலும் தலை மட்டும்தான் கிடைக்கும். வால் வரைக்கும் முழுசாக் கிடைக்கறது அபூர்வம்.”

ராமாமணி அந்தப் பெயரை வாய்க்குள்ளேயே ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

“இன்னொரு பாதியவும் பார்க்கலாமுங்களா?” என்றாள் இஃப்ரா.

வெங்கடபதி எழுந்தார். வேட்டி மடிப்பிலிருந்து சாவி வந்தது.

“அதப் பார்த்துப் பிரயோசனம் இல்லீங்க. அது… நான் வார்த்தது.”

“உட்காருங்க” என்றாள் ராமாமணி. பிறகு மகளிடம் திரும்பினாள். “நீ கைக்கொழந்தையா இருந்தப்ப கண்ணு. எனக்குத் தெரியாம எடுத்துட்டுப் போயி, அழுக்கு போகட்டும்னு பட்டறையில ஷாட் பிளாஸ்ட் மெசின்ல வெச்சுப்போட்டாரு. இரும்பு வார்ப்புல ஒட்டுன மணலையே உரிக்கற மெசின். பூச்சி தாங்குமா? அப்புறம் போட்டோவப் பார்த்து அச்சு செதுக்கி, கல்பொடியில வார்த்து, சத்தமில்லாம ஷோகேஸ்ல வெச்சுட்டாரு.”

“உனக்கு எப்பத் தெரியும்?” என்றார் வெங்கடபதி.

“அன்னிக்கே. ரெண்டையும் சேர்த்து வெச்சுப் பார்த்தேன், உட்காரலை. பட்டறை அளவுல அரை நூல் பெரிசு. இரும்பு ஆறுனாச் சுருங்கும்னு கொஞ்சம் கூட வெச்சே அளக்கற கை உங்குளுது. கல்பொடி சுருங்குமுங்களா? பட்டறையில விசாரிச்சேன், மீதியச் சொல்லிட்டாங்க.”

இஃப்ராவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தேஜஸ்ரீக்கு வரவில்லை.

“தெரிஞ்சுமாம்மா இந்தப் பாதிய அரிசி டிரம்முல ஒளிச்சு வெச்சே? இத வெளிய எடுத்திருந்தா அப்பவே பேரு கிடைச்சிருக்குமே!”

“கிடைச்சிருக்கும். நீ இன்னிக்கு அவரப் பொறாமைன்னு சொல்லலைன்னா, இப்பவும் எடுத்திருக்க மாட்டேன்.”

“ஏம்மா?”

“எடுத்திருந்தா, உங்க நைனா வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை அதை அத்தனை பதனமாத் துடைச்சு வெக்க மாட்டாரே அம்மணி.”