முன்னும் பின்னும்

"அந்தம்மா என்ன சொல்லிக் கத்தினாங்க?"

"'விடுடா, என்னை விடுடா!'ன்னு கத்துனாக சாமி."

சாட்சிக் கூண்டில் கண்ணுச்சாமி அதைச் சொன்னதும் ஒச்சாயி நிமிர்ந்து பார்த்தாள். எதிர்க் கூண்டில் அவள் புருஷன் உக்கிரபாண்டி தலை குனிந்து நின்றான்.

1934ஆம் வருஷம், மதுரை செஷன்ஸ் கோர்ட். விளாங்குடியில் பஞ்சாபகேசய்யர் தோட்டத்தில் உக்கிரபாண்டிக்கு வேலை. ஐயர் சம்சாரம் பாலாம்பாள் தோட்டத்துக் கிணற்றில் விழுந்து செத்துப்போனாள். அவன்தான் தள்ளிவிட்டான் என்பது கேஸ்.

கண்ணால் பார்த்தவர் யாருமில்லை. ஆனால் அவன் கையெல்லாம் நகக்கீறல். பிடியில் கிழிந்த சேலைத் துண்டு. போதாததற்கு, வேலிக்கு அந்தப் பக்கம் மாடு மேய்த்த கண்ணுச்சாமி கேட்ட இந்தக் கூச்சல்.

"சாட்சி பொய் சொல்லலாம், சந்தர்ப்பம் பொய் சொல்லாது" என்றார் சர்க்கார் வக்கீல்.

"அம்மா கால் வழுக்கி விழுந்தாக. பிடிச்சேன், நிக்கல." முதல் நாளிலிருந்து உக்கிரபாண்டி சொன்னது இவ்வளவுதான்.

காப்பாத்துறவனைப் பார்த்து எதுக்கு 'விடு'ங்கணும்? ஒச்சாயிக்கே ஒரு கணம் சந்தேகம் தட்டியது.

"தூக்குத்தான்" என்று பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள்.

ஜட்ஜ் பேனாவைக் கீழே வைத்தார். "கண்ணுச்சாமி, அந்த ஒரு சத்தம்தான் கேட்டுச்சா? முன்னே பின்னே வேறே ஏதாவது?"

அவன் உக்கிரபாண்டியைக் கைகாட்டினான். "பின்னால இவன் கத்துனான் சாமி. 'யாராச்சும் ஓடியாங்க, கை வழுக்குது'ன்னு."

"ஏன் இத்தனை நாள் சொல்லல?"

"அம்மா கத்துனதைப் பத்தித்தான் எல்லாரும் கேட்டாக. இவன் கத்துனதைப் பத்தி யாரும் கேக்கல. நானும் பயந்து ஓடிட்டேன்... அதைச் சொன்னா ஏசுவாகளேன்னு..."

ஜட்ஜ் உக்கிரபாண்டி பக்கம் திரும்பினார்.

"பிடிச்சவனை 'விடு'ன்னு ஏன் சொல்லணும்?"

அவன் தலையைத் தூக்கி ஐயரை ஒரு தரம் பார்த்தான். ஒச்சாயி முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள்.

"நானும் சேந்து சரிஞ்சுக்கிட்டு இருந்தேன் எசமான். 'பிள்ளைகுட்டிக்காரன், நீயும் செத்துருவ, விடுடா'ன்னாக."

பஞ்சாபகேசய்யர் துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு விசும்பினார். சாயங்காலமே விடுதலை.

வெளியே வந்ததும் ஒச்சாயி ஓவென்று அழுதாள். "சாகுற நேரத்துலயும் நம்ம பிள்ளைகள நெனச்சாகளே, மகராசி! இதை மொதல்லயே சொல்றதுக்கு என்னய்யா?"

உக்கிரபாண்டி சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான்.

"அது கூண்டுல நின்னு யோசிச்சுச் சொன்னது புள்ள. அவுக தானாத்தான் குதிச்சாக. உள்ளதைச் சொல்லியிருந்தா நான் அன்னைக்கே தப்பிச்சிருப்பேன். அவுக மக ஜானு பாப்பாவைக் கட்டிக்க நாளைக்கு எவன் வருவான்?"