கொச்சியில் ஒரே ஒரு சீட்

"முன்னாடி டிக்கெட் போட்டது யாருங்க, நானா அவளா? அதை மட்டும் சொல்லுங்க."

பர்லியாறு பழக்கடைகளுக்கு எதிரே வேன் நின்றிருந்தது. பிரிஸில்லா டீச்சர் கதவை மறித்துக்கொண்டு கேட்டாள்.

"நீங்கதானுங்க டீச்சர்," என்றார் அம்புரோஸ். குன்னூரில் சின்னதாக டிராவல்ஸ் வைத்திருப்பவர். டிக்கெட்டும் அவரே போடுவார், விமான நிலையத்துக்கு வண்டியும் அவரே ஓட்டுவார்.

"அப்புறம் அந்த சீட்டை எப்படி அவளுக்குக் கொடுக்கலாம்?"

கோவையில் ஏறி, மும்பையில் மாறி, துபாய் போக வேண்டிய பயணம். குன்னூரை விட்டு இறங்கியதுமே விமானம் தாமதம் என்று செய்தி வந்தது. காட்டேரி பூங்கா தாண்டியதும் இன்னும் தாமதம். பர்லியாறு வந்தபோது விமானமே ரத்து.

அம்புரோஸ் வண்டியை ஓரங்கட்டிவிட்டு விமானக் கம்பெனியோடு போனில் மல்லுக்கட்டினார். கடைசியில் கொச்சியிலிருந்து இன்று இரவு போகிற விமானத்தில் ஒரே ஒரு சீட் கிடைத்தது. இன்னொருவருக்கு நாளை மறுநாள்தான், அதுவும் சென்னை வழியாக.

வண்டியில் இருந்ததே இரண்டு பயணிகள். பிரிஸில்லா ஒருத்தி, சேரம்பாடியிலிருந்து வந்த மஞ்சு இன்னொருத்தி. தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறவள், புருஷனுக்குத் துபாயில் கட்டட வேலை. போன வாரம்தான் டிக்கெட் போட்டாளாம். சீட் அவளுக்கு.

பிரிஸில்லா இந்தப் பயணத்துக்கு எத்தனை வருஷம் காத்திருந்தாள்! முதலில் கொரோனா, அடுத்து முழங்கால் ஆபரேஷன். தம்பி லியோவின் வீட்டை இதுவரை வீடியோவில்தான் பார்த்திருக்கிறாள். நாளைக்கு அவன் மகள் லோயிஸுக்குப் புதுநன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். ஞானத்தாய் இவள்தான். 'அத்தை கையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் கோயிலுக்குள்ள போவேன்' என்று குழந்தை நேற்றும் சொன்னது.

"காரணம் இருக்குதுங்க டீச்சர்," என்றார் அம்புரோஸ்.

"என்ன காரணம்?"

"வெளிய சொல்ல வேண்டாம்னு அந்தப் பொண்ணு கேட்டுக்கிச்சுங்க."

"ஓ. எனக்குத் தெரியக் கூடாத காரணம். அப்படித்தானே?"

அம்புரோஸ் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

மஞ்சு எதிர்ப்பக்கம் கட்டைச் சுவரில் உட்கார்ந்து போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, கேளுங்க. ராத்திரி நம்ம லயன் வீட்டுக்குப் பின்னாடி யானை வந்திருச்சு. உங்கம்மா சத்தம் போட்டு விரட்டுறேன்னு எதைத் தட்டுனாங்க தெரியுமா? என் புதுக் குக்கரை. யானையும் போச்சு, குக்கரும் போச்சு."

கலகலவென்று சிரித்தாள். அந்தப் பக்கத்து ஆள் ஒரு வார்த்தை பேச இடம் கொடுக்காமல் அடுத்த கதைக்குத் தாவினாள்.

பிரிஸில்லாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தான் இங்கே தவித்து நிற்க, அங்கே என்ன கொஞ்சல்!

"இதுதான் உங்க அவசரமா அம்புரோஸ்?"

"டீச்சர், கொச்சிக்கு ரொம்ப தூரம் போகணும். வழி விடுங்க."

"நகர மாட்டேன். சும்மா இருந்தா எல்லாரும் என் தலையில மிளகாய் அரைப்பீங்க."

நகர மாட்டேன் என்றவள் விறுவிறுவென்று சாலையைக் கடந்து மஞ்சுவின் முன்னால் போய் நின்றாள். அம்புரோஸ் பதறிப் பின்னாலேயே ஓடி வந்தார்.

"ஏம்மா, வீட்டுக்காரர்கிட்டதானே பேசற?"

மஞ்சு போனைக் காதிலிருந்து எடுக்காமல் தலையாட்டினாள்.

"தினமும் இப்படித்தானே பேசிட்டிருப்ப? ரெண்டு நாள் கழிச்சுப் போனா என்ன குறைஞ்சு போயிரும்? என் தம்பி மகளுக்குப் புதுநன்மை ஒருதரம்தான் வரும்."

மஞ்சு போனைக் கையால் பொத்திக்கொண்டாள்.

"நீ சொல்ல வேண்டாம். ஸ்பீக்கர்ல போடு. ரெண்டு நாள் பொறுக்க மாட்டாரான்னு அவரையே நான் கேக்கறேன்."

மஞ்சு கொஞ்சம் தயங்கினாள். பிறகு ஸ்பீக்கரை அழுத்தினாள்.

ஏதோ ஒரு மெஷின் 'பீப், பீப்' என்று விட்டுவிட்டு ஒலித்தது. அப்புறம் மலையாளம் கலந்த ஒரு பெண் குரல்.

"எந்தா மோளே, நிறுத்திட்டே? போன் அவர் காதிலதான் வச்சிருக்கேன். கண்ணு இன்னும் திறக்கல. பக்ஷே, நீ சிரிச்சுப் பேசறப்ப மட்டும் விரல் அசையுது. டாக்டரும் பார்த்தார். பேசு மோளே."

பிரிஸில்லா அம்புரோஸைத் திரும்பிப் பார்த்தாள்.

அம்புரோஸ் தணிந்த குரலில் சொன்னார். "கட்டடச் சாரத்துல இருந்து விழுந்துட்டாருங்க. யாராச்சும் விசாரிச்சா அழுதிருவேன், அப்புறம் அவர்கிட்ட சிரிச்சுப் பேச முடியாதுன்னுதான் யாருக்கும் சொல்ல வேண்டாம்னுச்சுங்க."

"என் பெட்டியை இறக்கி வச்சிட்டுக் கிளம்புங்க," என்றாள் பிரிஸில்லா. "நான் பஸ்ல குன்னூர் போயிக்கறேன்."

மஞ்சு புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி போனைக் காதில் வைத்தாள். சிரித்தாள்.

"ஏங்க, இங்க ஒரு டீச்சர் இருக்காங்க. தங்கமானவங்க. அவங்க சீட்டை எனக்கு விட்டுக் கொடுத்திட்டாங்க."