பொழுதோடு சாப்பிடும் குட்டி

அடுப்பங்கரையில் மறுபடியும் ஈரம். ஆண்டாள் பல்லைக் கடித்துக்கொண்டு துடைத்தாள். இரண்டு வீட்டிலும் வளர்வது ஒரே நாய் போட்ட குட்டிகள்தான். ஆனால் பக்கத்து வீட்டு நீலாஞ்சனாவின் குட்டி மட்டும் வீட்டுக்குள் ஒரு சொட்டு விடுவதில்லை. அந்த வீட்டுக்கு ரேடியோ வந்தபோதுகூட ஆண்டாளுக்கு இப்படி வயிறு எரிந்ததில்லை.

“நாங்க ஜைனருங்க, இருட்டறதுக்குள்ள, பொழுதோட சாப்ட்டுருவோம்க்கா. குட்டிக்கும் அப்பவே வெச்சிடுவோம். அப்புறம் காலைலதான்” என்று நீலாஞ்சனா சொல்லிக் கொடுத்திருந்தாள். ஆண்டாளும் தன் குட்டிக்கு அப்படியே வைத்துப் பார்த்தாள். ஈரம் நிற்கவில்லை.

“இந்தச் சனியன ராஜகிரி மலையடியில உட்டுட்டு வாங்க!” என்று கணவனிடம் கத்தினாள்.

பாண்டுரங்கன் முறைத்தான். “நேத்து சாயந்திரமே நாந்தான் அத மாட்டுக் கொட்டாய்ல கட்டுனேன். இன்னும் அங்கதான் கெடக்குது. அப்போ இது யாரு வேல?”

அதற்குள் கொல்லைப் பக்கமாக நீலாஞ்சனா வந்தாள். “எங்க குட்டி இங்க வந்துச்சாக்கா? தெனம் ராத்திரி சமத்தா கதவப் பிராண்டும். தொறந்து உட்டா ஒங்க கொல்லைக்கு ஓடிட்டுத் திரும்பி வந்து படுத்துக்கும். இன்னிக்கு இன்னும் காணோம்.”

“எங்க வூட்ல அதுக்கு இன்னா வேல?” என்றான் பாண்டுரங்கன்.

அடுப்புக்குப் பின்னாலிருந்து குட்டி வாலை ஆட்டிக்கொண்டு வந்தது. நீலாஞ்சனாவின் வீடும் நாறட்டும் என்று, ஆண்டாள் இரவுதோறும் கொல்லைக் கதவை ஒருக்களித்து வைத்து அதற்குச் சோறு போட்ட கொட்டாங்கச்சி அதன் வாயில் இருந்தது.

அதிலிருந்து வந்த கருவாட்டுக் குழம்பு நெடி தாங்காமல் நீலாஞ்சனா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.