நான்காம் வரி

“ஷோவுக்கு அந்தக் கறுப்புச் சட்டைய இஸ்திரி போட்டு வை, சலோ” என்று சொல்லிவிட்டு பைக்கில் போன எபினேசர் திரும்பவேயில்லை. மூன்று மாதம் கழித்து, வியாசர்பாடியில் நடந்த ஒத்திகையில், அவனுடைய பழைய பாட்டுகளைக் கேட்டுப் பழகிய ஏஐ இயந்திரம் அவன் குரலிலேயே புது ராப் பாடியது. கூடப் பாட வேண்டிய தங்கை சலோமி மைக்கைப் பிடித்தபடி சும்மா நின்றாள்.

“வரி மறந்துட்டியா?” என்றான் ஒலிப்பதிவு பார்க்கும் தினகர்.

“இல்ல தினா. மூணு வரிக்கு மேல அண்ணனுக்கு மூச்சு வாங்கும். நாலாவத நான்தான் எடுப்பேன். இது நிறுத்தவே மாட்டேங்குதே, நான் எங்க நுழையறது?”

“செத்தும் உன்னப் பாட விடல பாரு. இரு, நாலாவத அழிச்சிட்டு மூச்சுச் சத்தம் போடறேன்.”

“சத்தம் வேணாம். இடம் விடு, போதும்.”

பாட்டு மறுபடி ஓடியது. மூன்றாம் வரி முடிந்து குரல் நின்றது. சலோமி, அவன் இருந்தபோது அவன் மூச்சுக்குக் காத்திருந்தது போலவே, அரைத் தாளம் பிந்தித்தான் நுழைந்தாள்.